வண்டி குறைஞ்சா யாருக்கு வண்டி?

(கூட்டமைப்பின் காலாண்டுக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் எங்கள் குழுவைப் பற்றி ஒரு பேச்சு வந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்று பேர் தவணையை நாள் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள், ஏன் என்று கேட்டீர்கள். "ரயில் வரலை" என்று சொன்னோம். சிலர் சிரித்தார்கள். நாங்கள் கோபித்துக்கொள்ளவில்லை. மழை வரலை, மாடு சினை பிடிக்கலைன்னு சொன்னா கணக்கில் எழுதிக்கொள்வோம். ரயில் வரலைன்னு சொன்னா அது சாக்கு மாதிரிதான் கேட்கும். அப்போது ஊக்குநர் அக்கா ஒரு வார்த்தை சொன்னார்கள். "ஏன் வரலைன்னு விசாரிச்சுட்டு வந்து அடுத்த கூட்டத்தில் சொல்லுங்க" என்று. விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறோம்.

முதலில் எங்கள் பாட்டைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் குழுவில் 14 பேர். அதில் 9 பேர் விடியற்காலை மின்சார ரயிலில் கீரையும் பூவும் ஏற்றிக்கொண்டு பட்டணத்துக்குப் போகிறவர்கள். போன மழைக்காலத்தில் ஏறக்குறைய இரண்டு மாதம், வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள் அந்த முதல் வண்டி வராது. "தவிர்க்க இயலாத காரணத்தால் ரத்து" என்று ஒலிபெருக்கியில் சொல்வார்கள். அதுவும் வண்டி வரவேண்டிய நேரம் தாண்டின பிறகு. அடுத்த வண்டி ஒரு மணி நேரம் கழித்து. அதில் போய் இறங்கினால் வாடிக்கைக்காரர்கள் வேறு கடையில் வாங்கிப் போயிருப்பார்கள். கீரை பாதி விலை. மல்லி அரும்பு விரிந்துபோனால் அந்த விலையும் இல்லை. தவணை தள்ளிப்போன கதை இதுதான்.

எங்கள் தெருவில் மின்சார ரயில் ஓட்டி ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டுத் திண்ணையில் நான்கு சாயங்காலம் உட்கார்ந்து கேட்டோம். கல்லூரியில் படிக்கும் எங்கள் குழுப் பிள்ளை ஒருத்தி மும்பை, லண்டன் செய்திகளையெல்லாம் தேடிப் படித்துச் சொன்னாள். அதையெல்லாம் சேர்த்துத்தான் இங்கே பேசுகிறோம்.

நாம் நினைப்பது என்ன? காலை வண்டி ஒன்று, மத்தியானம் வண்டி ஒன்று, சாயங்காலம் வண்டி ஒன்று, எல்லாம் தனித்தனி வண்டி என்று. அப்படி இல்லையாம். ஒரு முழு வண்டியை ரேக் என்கிறார்கள். அந்த ஒரே ரேக் காலையில் புறப்பட்டு, போய், திரும்பி, மறுபடி போய், இரவு வரைக்கும் ஓடுகிறது. எந்த ரேக் எந்த எந்த நேரத்து வண்டியாக ஓடவேண்டும் என்று சங்கிலி மாதிரி கோத்து வைத்திருக்கிறார்கள். அதற்கு லிங்க் என்று பேர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ள எல்லாம் ஆடும்.

இதற்கு மும்பையில் நல்ல உதாரணம் இருக்கிறது. அங்கே முதல் ஏ.சி. மின்சார ரயில் 2017 டிசம்பர் 25 அன்று மேற்கு ரயில்வேயில் ஓடத் தொடங்கியது. அந்த வண்டி நம் பெரம்பூர் ஐ.சி.எஃப். தொழிற்சாலையில் செய்து 2016-இல் அனுப்பியது. இருந்தது ஒரே ஒரு ரேக்தான். அது ஒரு நாளைக்கு 12 நடை ஓடியது. அப்படீன்னா அந்த ஒரு வண்டி பழுதாகி ஷெட்டில் நின்றால் 12 நடை போச்சு. நம்ம குழுவுக்கு ஒரே ஒரு பெரிய கிரைண்டர் இருந்து, அதில் ஆறு வீட்டுக்கு மாவு அரைக்கிற மாதிரி. கல்லு ஒண்ணுதான், ஆனா பட்டினி ஆறு வீட்டுக்கு.

வண்டிக்கும் ஓய்வு வேண்டும். சக்கரம் பார்க்கணும், பிரேக் பார்க்கணும், மோட்டாரைத் திறந்து பார்க்கணும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பெரிய பணிமனைக்கு முழுசாகப் பிரித்துச் செப்பம் பண்ண அனுப்பணும். அந்த மும்பை ஏ.சி. வண்டியைக்கூட ஆரம்பத்தில் திங்கள் முதல் வெள்ளி வரைதான் ஓட்டினார்கள். சனி, ஞாயிறு பராமரிப்புக்கு. அந்த இரண்டு நாளும் அதே நேரத்தில் சாதாரண வண்டி. ஆகவே கையில் இருக்கிற ரேக் எல்லாவற்றையும் ஓடவிட முடியாது. சில பணிமனையில், சில ஷெட்டில், ஒன்றிரண்டு அவசரத்துக்கு மிச்சம். அந்த மிச்ச ரேக் இருக்கிற வரைக்கும் நமக்கு ஒன்றும் தெரியாது. ஒன்று கெட்டால் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார்கள். மழைக்காலத்தில் தண்ணீர் புகுந்து இரண்டு மூன்று ஒரே சமயத்தில் நின்றுபோனால்தான் மிச்சம் தீர்ந்துபோகும். புது வண்டி வரத் தாமதமாகி, பழைய வண்டிக்கு வயசாகிப்போனாலும் இதே நிலைமைதான்.

அப்போது என்ன செய்வார்கள்? அண்ணன் சொன்னதை அப்படியே சொல்கிறோம். "கன்ட்ரோல் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிறவன் முன்னால் ஒரு அட்டவணை இருக்கும். எங்கே பிச்சு எங்கே ஒட்டுறதுன்னு பார்ப்பான்." கடைசி ஊர் வரைக்கும் போகவேண்டிய வண்டியைப் பாதியிலேயே திருப்பிவிடலாம். அப்படிச் செய்தால் நேரம் மிச்சமாகி அடுத்த நடை சரியாகப் புறப்படும், ஆனால் கடைசி நாலு ஸ்டேஷனுக்கு வண்டி இல்லை. பெட்டியைக் குறைத்து ஓட்டலாம். நம்ம பக்கத்து வண்டிகளில் பொதுவாக மூன்று பெட்டி சேர்ந்தது ஒரு யூனிட். அதனால்தான் 9 பெட்டி, 12 பெட்டி என்று இருக்கிறது. ஒரு யூனிட் கெட்டால் 12 இருக்கவேண்டிய இடத்தில் 9 வரும். வண்டி நிற்கும் இடம் மாறும், மகளிர் பெட்டி நாம் நிற்கிற தூணுக்கு எதிரே வராது, தலையில் கூடையோடு ஓடணும். அதுவும் முடியலைன்னா ரத்துதான்.

எதை ரத்து செய்வது என்பதுதான் நாம் தெரிந்துகொள்ளவேண்டிய விஷயம். ஆபீஸ் நேரத்து வண்டியில் கை வைக்கமாட்டார்கள். அதில் கைவைத்தால் நடைமேடை நிரம்பி ஆபத்தாகிவிடும், மறுநாள் பேப்பரில் வரும். கூட்டம் குறைவாக இருக்கிற வண்டியைத்தான் நிறுத்துவார்கள். அது நியாயம்தானே என்று முதலில் எங்களுக்கும் தோன்றியது. பிறகு யோசித்தோம். கூட்டமான நேரத்தில் ஒரு வண்டி போனால் அஞ்சு நிமிஷத்தில், பத்து நிமிஷத்தில் அடுத்தது வரும். கூட்டம் இல்லாத விடியற்காலையில் ஒரு வண்டி போனால் ஒரு மணி நேரம் போச்சு. தலையை எண்ணினால் அவர்கள் பக்கம் கணக்கு சரி. ஒவ்வொரு தலைக்கும் எவ்வளவு நஷ்டம் என்று எண்ணினால் கணக்கு வேறே. அந்த வண்டியில் வருவது யார்? கீரைக்காரி, பூக்காரி, மீன்காரி, ஆஸ்பத்திரியில் கூட்டிப் பெருக்குகிறவள், ராத்திரி வேலை முடிந்து திரும்புகிற வாட்ச்மேன்.

முதல் வண்டிக்கு இன்னொரு சங்கடமும் இருக்கிறது. இது எங்களுக்கு அண்ணன் சொல்லித்தான் தெரியும். விடியற்காலை நம்ம ஊரிலிருந்து வண்டி புறப்பட வேண்டுமென்றால், முந்தின ராத்திரி கடைசி வண்டி நம்ம ஊருக்கு வந்து படுத்திருக்க வேண்டும். ராத்திரி பழுதாகி வழியிலேயே திருப்பிவிட்டால் காலையில் இங்கே வண்டியே இருக்காது. ஷெட்டிலிருந்து காலியாகக் கொண்டுவந்து விடணும். அதற்கு வண்டியும் வேண்டும், டிரைவரும் வேண்டும், லைனும் வேண்டும். காலையில் நாம் படுகிற பாடு, முந்தின ராத்திரியே முடிவாகிவிட்ட ஒன்று. நாம் தூங்கிக்கொண்டிருக்கும்போது!

இன்னொன்று, எந்த வண்டியையும் எங்கேயும் கொண்டுபோய் ஓட்டிவிட முடியாது. நாங்கள் சொன்னோமே அந்த முதல் ஏ.சி. வண்டி, அது முதலில் மத்திய ரயில்வேக்குத்தான் போனது. அந்தப் பாதையில் வெள்ளைக்காரன் காலத்துப் பாலங்கள் சில தாழ்வாக இருந்தன. வண்டியின் உயரம் அதற்கு ஒத்துவரவில்லை. கடைசியில் மேற்கு ரயில்வேக்கு மாற்றிவிட்டார்கள். நீளம், உயரம், மின்சாரம், ஓட்டப் பழகின ஆள் என்று எல்லாம் பொருந்தினால்தான் ஒன்றுக்குப் பதில் இன்னொன்று. சும்மா நிற்கிற வண்டியைப் பார்த்து "அதை விடக்கூடாதா" என்று நாங்கள்கூடத் திட்டியிருக்கிறோம். இப்போது கொஞ்சம் யோசித்துத் திட்டுகிறோம்.

இனி சொல்லப்போவதுதான் எங்கள் மனசை உறுத்தியது. வண்டி வராமல் போனால் தெரிகிறது. வண்டி வந்தும் நமக்கு இல்லாமல் போவது எப்படி?

2022-இல் மும்பை மத்திய ரயில்வேயில் நடந்தது இது. ஏ.சி. வண்டிகளை அதிகமாக்க நினைத்தார்கள். லைனில் மேலும் வண்டி விட இடம் இல்லை. ஆகவே புதிதாக விடாமல், ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்த சாதாரண வண்டிகளில் 10 நடையை எடுத்துவிட்டு, அதே நேரத்தில் ஏ.சி. வண்டியை விட்டார்கள். ஆகஸ்ட் 19 முதல் நடைமுறை. 56 ஆக இருந்த ஏ.சி. நடை 66 ஆனது. அட்டவணையைப் பார்த்தால் ஒரு வண்டியும் குறையவில்லை. அதே நேரம், அதே ஊர். ஆனால் இரண்டாம் வகுப்பு பாஸ் வைத்திருக்கிறவர் அதில் கால் வைக்க முடியாது. அந்த ஆண்டு மே மாதம்தான் ஏ.சி. வண்டியின் ஒரு நடை டிக்கெட்டைப் பாதியாகக் குறைத்திருந்தார்கள். குறைத்தும் சாதாரண டிக்கெட்டைவிட அது பல மடங்கு. கதவு தானாக மூடிக்கொள்ளும் வண்டி, தொங்கிக்கொண்டு போய் உயிர் போகாது, அது நல்லதுதான். மறுக்கவில்லை. ஆனால் அந்த நேரத்து வண்டியை நம்பியிருந்தவர்கள் அடுத்த சாதாரண வண்டியில், ஏற்கனவே நிரம்பி வழிகிற வண்டியில், ஏறவேண்டியதாயிற்று.

தானே பக்கத்தில் கல்வா என்று ஒரு ஊர். அங்கே ரயில் ஷெட் இருக்கிறது. ஷெட்டிலிருந்து காலியாக வெளியே வரும் வண்டியில் ஏறிக்கொள்வது அந்த ஊர் ஜனங்களின் வழக்கம், ஸ்டேஷனில் ஏற இடம் கிடைக்காது என்பதால். ஒருநாள் காலை ஷெட்டிலிருந்து வழக்கமான வண்டிக்குப் பதிலாக ஏ.சி. வண்டி வந்தது. ஜனங்கள் தண்டவாளத்தில் இறங்கி மறித்துவிட்டார்கள். இரண்டு மூன்று நாளில் பத்லாப்பூரிலும் பயணிகள் திரண்டு ஸ்டேஷன் அதிகாரியிடம் முறையிட்டார்கள். ஆகஸ்ட் 25 முதல் அந்த 10 நடையும் பழையபடி சாதாரண வண்டியாகவே ஓடும் என்று அறிவித்துவிட்டார்கள். தண்டவாளத்தில் இறங்குவது சட்டப்படி குற்றம், உயிருக்கும் ஆபத்து. அதைச் செய்யுங்கள் என்று நாங்கள் சொல்லவரவில்லை. ஒரு வாரத்துக்குள் திரும்பப் பெற முடிந்த முடிவு என்றால், முதலிலேயே ஜனங்களைக் கேட்டு எடுத்திருக்கலாமே என்றுதான் கேட்கிறோம்.

சென்னையிலும் 2025 ஏப்ரல் 19 முதல் கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு வழியில் ஏ.சி. மின்சார ரயில் வந்திருக்கிறது. தொடங்கியபோது குறைந்தபட்ச டிக்கெட் 35 ரூபாய். சாதாரண வண்டியில் அது 5 ரூபாய். புது வண்டி வரட்டும், சந்தோஷம். அது கூடுதல் வண்டியா, இருந்ததற்குப் பதில் வண்டியா என்று ஒவ்வொரு அட்டவணை வரும்போதும் பார்க்கவேண்டியது நம் வேலை.

லண்டன் கதையையும் சொல்லவேண்டும். அங்கே காஸ்பல் ஓக், பார்க்கிங் என்ற இரண்டு ஊருக்கு நடுவே ஒரு புறநகர்ப் பாதை. (பார்க்கிங் என்பது ஊர் பேர், வண்டி நிறுத்துகிற இடம் இல்லை. எங்களுக்கும் முதலில் குழம்பியது!) அதில் 2 பெட்டி டீசல் வண்டிகள் எட்டு ஓடின. சொந்த வண்டி அல்ல, வாடகைக்கு எடுத்தது. பாதையை மின்சாரமாக்கிப் புது வண்டிக்கு ஆர்டர் கொடுத்தார்கள். புது வண்டியில் கம்ப்யூட்டர் கோளாறு, சொன்ன தேதிக்கு வரவில்லை. வாடகைக்கெடு முடிந்து பழைய வண்டிகள் வேறு ஊருக்குப் போயே ஆகவேண்டும். நம்மில் வாடகை வீட்டில் இருந்து சொந்த வீடு கட்டினவர்களுக்கு இது புரியும். வீடு முடியாது, வீட்டுக்காரர் சாவியைக் கேட்பார்.

2019-இல் பக்கத்துப் பாதையிலிருந்து மூன்று மின்சார வண்டிகளைக் கடன் வாங்கினார்கள். அவை 5 பெட்டி. இந்தப் பாதையின் நடைமேடைக்கு 4 பெட்டிதான் பிடிக்கும். ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டினார்கள். மூன்றே வண்டி என்பதால் 15 நிமிஷத்துக்கு ஒன்று என்பது அரை மணிக்கு ஒன்று ஆனது. இங்கேதான் கணக்கைப் பாருங்கள். முன்பு மணிக்கு 4 வண்டி, வண்டிக்கு 2 பெட்டி, மொத்தம் 8. இப்போது மணிக்கு 2 வண்டி, வண்டிக்கு 4 பெட்டி, அதே 8. காகிதத்தில் ஒரு பெட்டியும் குறையவில்லை. ஆனால் ஒரு வண்டியைத் தவறவிட்டவள் 15 நிமிஷத்துக்குப் பதில் 30 நிமிஷம் நிற்கிறாள். அந்தக் காத்திருப்பு எந்தக் காகிதத்திலும் வராது.

அவர்கள் செய்த ஒரு காரியம் எங்களுக்குப் பிடித்தது. மே மாதம் புது வண்டி வரத் தொடங்கி, அரை மணி பழையபடி 15 நிமிஷம் ஆன பிறகு, அந்த ஆண்டு ஆகஸ்ட் கடைசியிலிருந்து ஒரு மாதம் அந்தப் பாதையில் எல்லோருக்கும் இலவசப் பயணம் கொடுத்தார்கள். செலவு புது வண்டியைத் தாமதமாகக் கொடுத்த கம்பெனியுடையது. பட்ட கஷ்டத்துக்குப் பணம் ஈடாகுமா என்பது வேறு விஷயம். கஷ்டப்பட்டது யார் என்று ஒப்புக்கொண்டார்களே.

சரி, நாங்கள் என்ன செய்தோம்?

ஒரு நோட்டுப் போட்டோம். குழுக் கணக்கு எழுதுகிற தங்கச்சியே எழுதுகிறாள். தேதி, வண்டி நேரம், வந்ததா, எத்தனை பெட்டி, எவ்வளவு தாமதம், எத்தனை மணிக்கு அறிவித்தார்கள். ஒரு வரிதான். கூடவே அன்றைக்குக் கீரை விற்ற விலையும். முதல் வாரம் சிலருக்கு இது வேண்டாத வேலையாகப் பட்டது. இரண்டு மாத வரவைப் பார்த்தபோது எங்களுக்கே தெரிந்தது, ரத்து பெரும்பாலும் திங்கட்கிழமை என்று. வாய்ப்பேச்சில் "அடிக்கடி வரலை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ன்படி 10 ரூபாய்க்குப் போஸ்டல் ஆர்டர் வைத்து ஒரு மனு போட்டோம். வறுமைக்கோட்டுச் சான்று இருந்தால் அந்த 10 ரூபாயும் வேண்டாம். 30 நாளில் பதில் சொல்லவேண்டும். "ஏன் வண்டி விடவில்லை" என்று கேட்கவில்லை. அப்படிக் கேட்டால் "தவிர்க்க இயலாத காரணம்" என்றே திரும்பி வரும். கேட்டது இதுதான்: இந்த வண்டி கடந்த ஆறு மாதத்தில் எந்தெந்தத் தேதி ரத்தானது, அந்தந்த நாள் காலையில் எத்தனை ரேக் ஓட்டத்தில் இருந்தது, எத்தனை பழுதில் இருந்தது, முந்தின இரவு கடைசி வண்டி எங்கே நிறுத்தப்பட்டது. தேதியும் எண்ணிக்கையும் கேட்டால் தேதியும் எண்ணிக்கையும்தான் தரமுடியும். இந்தக் கூட்டம் நடக்கிற இன்றைக்குப் பதில் வரவேண்டிய கெடு இன்னும் 11 நாள்.

நடுவில் பிழைப்பு ஓடவேண்டுமே. எங்கள் குழுவில் ஒரு அக்கா வீடு ஸ்டேஷனுக்கு எதிரே. ராத்திரி கடைசி வண்டி வந்து படுத்ததா என்று பார்த்துவிட்டுத்தான் அவர்கள் படுக்கிறார்கள். வரவில்லை என்றால் எங்களுக்குப் போன். உடனே ஒரு குட்டியானைக்குச் சொல்லிவைத்துக் கூடைகளை மட்டும் ஏற்றிவிடுகிறோம், டிரைவர் பக்கத்தில் ஒருத்தி. மற்றவர்கள் அடுத்த வண்டியில். வாடகையை 9 பேரும் பிரித்துக்கொள்கிறோம். லாபம் குறைகிறது, ஆனால் வாடிக்கை போகவில்லை. நாலு தடவை இப்படிச் செய்தாகிவிட்டது. ஒரு தடவை அக்கா கண்ணயர்ந்துவிட்டார்கள், அன்றைக்குப் பழைய கதைதான். ஒருத்தர் தலையில் மட்டும் இதைக் கட்டக்கூடாது என்று இப்போது முறை வைத்துக்கொண்டிருக்கிறோம்.

கூட்டமைப்பிடம் எங்களுக்கு இரண்டு கோரிக்கை. ரயிலில் தொழிலுக்குப் போகும் குழுக்கள் இங்கே எங்களோடு சேர்த்து ஐந்து இருக்கின்றன. ஐந்து குழுவும் இதே மாதிரி நோட்டு எழுதினால், கோட்ட ரயில் பயனாளர் ஆலோசனைக் குழுவுக்கு ஒரே மனுவாகக் கொடுக்கலாம். முதல் வண்டிக்கான ரேக் ராத்திரி வந்து சேரவில்லை என்றால் அதை ராத்திரியே ஸ்டேஷனில் எழுதிப் போடவேண்டும் என்பதுதான் அதில் முதல் கேள்வி. புது வண்டி வாங்க அவர்களுக்குக் கோடிகள் வேண்டும். இதற்கு ஒரு சாக்பீஸ் போதும்.

இரண்டாவது, நோட்டில் எழுதி, குழுத் தலைவி கையெழுத்துப் போட்ட ரத்து நாட்களைக் காட்டினால், அந்த வாரத் தவணைக்கு ஏழு நாள் தவணை நீட்டிப்பு தரவேண்டும், தரம் பிரிக்கும்போது அதைக் குறையாக எழுதக்கூடாது. இதைத் தீர்மானமாக முன்மொழிகிறோம். எங்கள் நோட்டு இதோ மேசையில் இருக்கிறது. சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் புரட்டிப் பாருங்கள், வழிமொழிகிறவர்கள் பிறகு கை தூக்கலாம்.